ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை

ஜனவரி 9

அக்கா,

வீட்டு விலாசத்துக்கு எழுதிய கடிதம் ‘இங்கே இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அதனால் தையல் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். நான்கு வருடத்தில் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்னும் அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். இப்போது உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் முந்நூற்று இருபது பேருடைய ரத்தத்தில் செலினியம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வேலை. செலினியம் என்பது ஒரு தாது. மண்ணிலிருந்து தானியத்துக்குப் போய், அதிலிருந்து நமக்கு வருகிறது. மீனிலும் முட்டையிலும் உண்டு. இம்மியளவு போதும். அந்த இம்மியும் குறைந்தால் ரத்தக் குழாய்கள் கெடுமோ என்று ஆய்வை நடத்தும் டாக்டரம்மா சந்தேகப்படுகிறார். இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

இயந்திரத்தைச் சோதிப்பதற்காக ஒரு நாள் என் ரத்தத்தையே வைத்துப் பார்த்தேன். லிட்டருக்கு ஐம்பத்தெட்டு மைக்ரோகிராம். குறைவுதான். எனக்கும் இரண்டு வருடமாக ரத்த அழுத்தம் இருக்கிறது. அப்பா எப்படிப் போனார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்கும் அம்மா இருக்கும்போதே பிரஷர் வந்துவிட்டது. எனக்குக் குறைவு என்றால் உனக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

இதனுடன் ஒரு புட்டி. அறுபது மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வேறொன்றும் இல்லை.

தம்பி

•

ஜனவரி 20

சின்னவனே,

பார்சல்ல உன் கையெழுத்தைப் பார்த்ததும் கத்திரிக்கோலைக் கீழ வெச்சுட்டேன். பிரிச்சா புட்டி. நாலு வருஷம் கழிச்சு அக்காவுக்கு எழுதறவன் மண்ணு, தானியம், மைக்ரோகிராம்னு எழுதியிருக்கே. முதலாளியம்மா எட்டிப் பார்த்து, “யாரு, மருந்துக் கம்பெனியா?”ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். வேற என்னன்னு சொல்ல?

அந்த வீட்டை விட்டுட்டேன். இனிமே கடை விலாசத்துக்கே எழுது. வேலை அதேதான். நீளம் குறைக்கறது, ஜிப் மாத்தறது, இளைச்சவங்களுக்குப் பிடிக்கறது, பெருத்தவங்களுக்குப் பிரிக்கறது. பிரஷர் போன வாரம் நூத்தி அறுபத்தெட்டுக்கு நூறு. நர்ஸ் என்னைக் கோவமா பார்த்தா, நான் என்னவோ வேணும்னே ஏத்திக்கிட்டு வந்த மாதிரி.

எழுத ஆரம்பிச்சுட்டேன், அதனால சொல்லிடறேன். அம்மா படுக்கையில கிடந்த பதினாலு மாசத்துல நீ வந்தது ஒரே ஒரு தடவை. அதைக்கூட விட்டுட்டேன். அம்மாவைச் சுடுகாட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்த அன்னிக்கு, எல்லாரும் உக்காந்திருக்கோம், நீ வாட்சைப் பார்த்தே. மூணு தடவை. நான் எண்ணினேன். அப்புறம் “சாம்பிள் கெட்டுப் போயிடும்”னு எந்திரிச்சுப் போனே. கண்ணாடிக் குழாய்ல இருக்கற ஊரார் ரத்தம் கெட்டுடும்னு ஓடறவனை வாசல்ல நின்னு பார்த்தேன். இனிமே இந்தப் பக்கம் வந்துடாதேன்னு கத்தினது நான்தான். இல்லேங்கலை. ஆனா அதுக்காக நீ நிஜமாவே வராம இருந்துட்டியேடா.

சரி. மாத்திரை போட்டுக்கறேன். போன் வேண்டாம். போன்ல நீ ‘ம்’, ‘ம்’னு சொல்லியே முடிச்சுடுவே. எழுது. எழுதினா பொய் சொல்றதுக்குக் கையாவது வலிக்கும்.

உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? அவளையும் ரெண்டு வரி எழுதச் சொல்லு.

அக்கா

•

பிப்ரவரி 19

சின்னவனே,

நான் எழுதி ஒரு மாசமாச்சு. தபால்காரர் தினம் கடைக்கு முன்னாடிதான் சைக்கிளைத் திருப்பறார். பக்கத்து சைக்கிள் கடைக்கு வருது, எதிர்ல வக்கீலுக்கு மூட்டையா வருது. நமக்கு ஒண்ணும் இல்லை. அன்னிக்கு நான் எழுதினது உனக்குச் சுட்டிருக்கும். சுடணும்னுதான் எழுதினேன். ஆனா படிச்சுட்டு நீ இப்படிக் கம்முனு இருப்பேன்னு நினைக்கலை.

இப்ப எழுதறது வேற விஷயம். மாத்திரை தீர்ந்துடுச்சு. மாடி வீட்டு டீச்சருக்கும் பிரஷராம், அவங்களும் என்கூடச் சேர்ந்து போட்டுக்கிட்டாங்க. முடிஞ்சா இன்னொரு புட்டி அனுப்பு.

அக்கா

•

பிப்ரவரி 23

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்றே இரண்டு புட்டி அனுப்புகிறேன், ஒன்று டீச்சருக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

ஜனவரியில் நீ எழுதியதற்குப் பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் சாக்குப் போலத் தெரிந்தது, கிழித்துவிட்டேன். அன்று குளிர்பெட்டியில் ஒரு கோளாறு. நான் போகாமல் இருந்திருந்தால் ஆறு மாத வேலை வீணாகியிருக்கும். இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

என் வேலை எப்படி என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஜன்னல் இல்லாத அறை. குழாயில் உள்ள ரத்த நீரை இயந்திரம் உறிஞ்சி ஒரு சுடருக்குள் தெளிக்கிறது, திரையில் ஒரு எண் வருகிறது. குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். நூற்றுப் பதினாறுக்கு எழுபத்தொன்பது. நூற்றுப் பதினேழுக்கு நூற்று நான்கு. அவர்கள் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. காலையில் கதவைச் சாத்தினால் மாலையில்தான் திறப்பேன். இடையில் என்னிடம் யாரும் பேசமாட்டார்கள். பழகிவிட்டது.

அவளை எழுதச் சொன்னாய். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. “உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணுதான், தனியா இருந்தா ஒரு தட்டு கம்மியா கழுவலாம்” என்று சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தம்பி

•

மார்ச் 4

என் சின்னவனே,

ரெண்டு வருஷமா? ரெண்டு வருஷமாடா? யாருகிட்டயாவது சொன்னியா? சாப்பாட்டுக்கு என்ன பண்றே? நீயா ஆக்கிக்கறியா, இல்ல பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துடறியா? உனக்குப் பிரஷர் வந்ததும் அந்த ரெண்டு வருஷம்தானே? இதை உங்க டாக்டரம்மாகிட்டக் கேளு. செலினியத்தை அளக்கறவங்க இதையும் கொஞ்சம் அளக்கட்டும்.

குளிர்பெட்டிக் கதையை நம்பலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. ஆனா கோவம் எங்க போச்சுன்னு தேடறேன், கிடைக்கலை. உன் கடிதத்தைத் தையல் மிஷின் டிராயர்ல, பாபின் டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கேன். மத்தியானம் கடையில ஆள் இல்லாதப்ப எடுத்துப் படிக்கறேன். ‘நூற்றுப் பதினேழுக்கு நூற்று நான்கு’ங்கற இடம் வந்தா எனக்கு ஏனோ அழுகை வருது. யாரு பெத்த பிள்ளையோ அந்த நூத்திப் பதினேழு.

வாரத்துக்கு ஒண்ணு வேண்டாம். மாசத்துக்கு ஒண்ணு எழுது. என்ன சட்டை போட்டிருக்கேன்னு எழுதினாக்கூடப் போதும்.

அக்கா

•

ஏப்ரல் 7

அக்கா,

புட்டிகள் தீர்ந்துவிட்டன என்று நீ போட்ட கார்டு கிடைத்தது. டீச்சரின் தங்கையும் சாப்பிடுகிறார் என்பதால் மூன்றாக அனுப்புகிறேன். இங்கே கடைசி எண்பது சாம்பிள்கள் வந்து குவிந்திருக்கின்றன, தலை நிமிர நேரமில்லை. உன் மார்ச் கடிதம் கிடைத்தது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி

•

மே 14

சின்னவனே,

‘பிறகு’ன்னா எப்பன்னு கேக்க மாட்டேன். மாத்திரை தீர்ந்துடுச்சு. அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

கூடவே கொஞ்சம் சிரிக்கறதுக்கும் எழுதறேன். வயசாறது இப்படி ஒரே தவணையில வரும்னு யாரும் எனக்குச் சொல்லலை. காலையில தலை வாரினா சீப்புல ஒரு சவுரி அளவுக்கு முடி. இப்படியே போனா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது, சீப்புக்குத்தான் கொண்டை போடணும். நகத்துல குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கு. தொட்டாப் பொடியா உடையுது. லைனிங் துணியைத் தடவினா நகம் மாட்டி நூலை இழுத்துடுது. போன வாரம் ஒரு நல்ல கோட்டைக் கெடுத்துட்டேன். முதலாளியம்மா ஒண்ணும் சொல்லலை. ஆனா இப்ப வழவழப்பான துணி வந்தா புதுசா சேர்ந்த பொண்ணுகிட்டக் கொடுத்துடறாங்க. எனக்கு ஜீன்ஸ்தான் வருது.

இன்னொண்ணு. என் வாயில பூண்டு வாசனை. பூண்டைத் தொட்டே எத்தனையோ நாளாச்சு. இடுப்பளவு எடுக்கக் கிட்டப் போனேன், ஒரு அம்மா மூக்கைத் திருப்பிக்கிட்டாங்க. அதுலேர்ந்து தள்ளி நின்னே டேப்பை நீட்டறேன். அன்னிக்குப் பூரா யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

பிரஷர் நூத்தி எழுபத்தாறு. உன் செலினியத்துக்கு என் உடம்பைப் பிடிக்கலை போல. இருந்தாலும் அனுப்பு.

அக்கா

•

மே 18

அக்கா,

கூரியரில் அனுப்புகிறேன். உன் போனில் என் நம்பரை நீ இன்னும் தடுத்தே வைத்திருக்கிறாய். கடை நம்பர் என்னிடம் இல்லை.

மாத்திரை ஒன்றுகூட இனிமேல் போடாதே. மிச்சம் இருந்தால் தூக்கி எறி.

உன் கடிதத்தை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். முடி, நகம், பூண்டு வாசனை. இந்த மூன்றையும் ஒன்றாகப் படித்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். எங்கள் வேலையில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். உடம்பில் செலினியம் கூடிப்போயிருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் இப்படி ஆகாது. எத்தனை போட்டாய்? டீச்சருக்கும் அவர் தங்கைக்கும் முடி கொட்டுகிறதா? அவர்களிடமும் இன்றே சொல். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லி என்னைத் திட்டச் சொல்.

நாளையே உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போ. இதோடு வைத்திருக்கும் சீட்டை அங்கே உள்ள டாக்டரிடம் கொடு. ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். சிறுநீரகத்தையும் இதயத்தையும் பார்க்கச் சொல். உடனே எழுது. தயவுசெய்து உண்மையை எழுது.

தம்பி

•

மே 23

சின்னவனே,

ரத்தம் கொடுத்துட்டேன். சிறுநீரகம், இதயம் ரெண்டும் பரவாயில்லைன்னாங்க. முதல்ல பயத்தை விடு.

டீச்சருக்கு முடி கொட்டலை. ஏன்னா டீச்சர்னு யாரும் கிடையாது. தங்கச்சியும் கிடையாது. மாடியே கிடையாது. நான் இருக்கறது கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்ல, மேல தகரக் கூரை. ஒரு தடவை வந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்.

எல்லாத்தையும் தின்னது நான்தான். முதல் புட்டி தினம் ரெண்டு. அடுத்த ரெண்டு புட்டி தினம் மூணு, சில நாள் நாலு. கடைசி மூணு புட்டி தினம் அஞ்சு. காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ரெண்டு.

ஏன்னு கேப்பே. நான் மனசு விட்டு எழுதினா உன்கிட்டயிருந்து பதில் வரலை. மாத்திரை தீர்ந்துச்சுன்னு எழுதினா நாலே நாள்ல வந்துச்சு. நீயே எடுத்துப் பாரு. பிப்ரவரியில வந்துச்சு, ஏப்ரல்ல வந்துச்சு. நான் உன்னை மாதிரி படிச்சவ இல்லை, ஆனா இது புரியறதுக்குப் படிப்பு வேண்டாம். புட்டி காலியானாத்தான் எனக்குத் தம்பி.

தீர்ந்துடுச்சுன்னு சும்மா எழுதியிருக்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனா நாலு வருஷத்துல நீ எனக்குன்னு அனுப்பின முதல் பொருள்டா அது. அதைக் குப்பையில கொட்டிட்டுத் தீர்ந்ததுன்னு எழுதக் கை வரலை. உடம்புக்கு நல்லதுன்னுதானே நீ அனுப்பினே? நல்லது கொஞ்சம் கூடப் போனா என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன்.

திட்டணும்னா திட்டு. ஆனா எழுதித் திட்டு.

அக்கா

•

ஜூன் 5

அக்கா,

உன் ரத்தம் திங்கட்கிழமை வந்தது. ஆய்வில் நீ சேர்த்தி இல்லை, இருந்தாலும் குழாயில் ஒரு எண் ஒட்ட வேண்டும். முந்நூற்று இருபத்தொன்று என்று ஒட்டினார்கள். நானே இயந்திரத்தில் வைத்தேன். நானூற்று முப்பத்தாறு. மூன்று முறை வைத்துப் பார்த்தேன். எங்கள் முந்நூற்று இருபது பேரில் ஒருவருக்குக்கூட இருநூறைத் தாண்டவில்லை.

நிறுத்திவிட்டாய் அல்லவா, இனி மெல்ல இறங்கும். முடி திரும்ப வளரும். நகம் அடியிலிருந்து புதிதாக வரும். சில மாதம் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தத்தைச் சோதிக்காமல் ஒருத்திக்கு நானாகவே மாத்திரை அனுப்பினேன் என்றேன். அவர் கத்தவில்லை. “எழுதின சீட்டுல கூடினாலும் கெடுதல்னு எழுதினீங்களா?” என்று மட்டும் கேட்டார். நான் எழுதவில்லை, அக்கா. ஜனவரிக் கடிதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். குறைந்தால் கெடுதல் என்று எழுதினேன். கூடினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தெரியாத விஷயமா அது? உனக்கு ஏதாவது அனுப்பியாக வேண்டும் என்று இருந்தது. அதற்கு ஒரு காரணம் கிடைத்ததும் மீதியைப் பார்க்கவில்லை. இருநூற்று நாற்பது பேர் வரை கணக்குப் போட்டதில் குறைந்த செலினியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லை. நான் உன்மேல் சோதித்தது என் ஊகத்தை.

புட்டி இல்லாமல் எழுத எனக்கும் தைரியம் வரவில்லை. வெறும் கடிதம் போட்டால், ‘இவன் யார் இப்போது’ என்று நீ கேட்டுவிடுவாயோ என்ற பயம்.

இன்னொன்று. குளிர்பெட்டி கெடவில்லை. அன்று எந்தச் சாம்பிளும் கெட்டிருக்காது. அம்மாவுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உன் பாய் சுருட்டி இருந்தது. பதினான்கு மாதமும் நீ அந்தத் தரையில்தான் படுத்தாய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாட்சைப் பார்த்தேன். அதுதான் நடந்தது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. கடை வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன்.

தம்பி

•

ஜூன் 20

சின்னவனே,

நீ போய் எட்டு நாளாச்சு.

பிரஷர் நூத்தி நாப்பத்தி ஆறு. டாக்டர் மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்கார். பூண்டு வாசனை போயிடுச்சுன்னு முதலாளியம்மா சாட்சி சொல்றாங்க. அவங்களுக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு. “உன் தம்பி பேசவே மாட்டாரா?”ன்னு கேட்டாங்க. எழுதினா நிறையப் பேசுவான்னேன்.

நாலு நாள் ஒரே ரூம்ல இருந்தோம். பேசினதையெல்லாம் எழுதினா அரைப் பக்கம் வராது. நீ வந்ததும் மண்டையில முடி போன இடத்தைப் பார்த்தே, உடனே தலையைக் குனிஞ்சுக்கிட்டே. அப்புறம் பதிமூணு மணி நேரம் தூங்கினே. நான் கடைக்கும் ரூமுக்கும் நடந்து நடந்து, நீ மூச்சு விடறியான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சட்டையில ரெண்டு பட்டன் இல்லை. ஒரு தையல்காரியோட தம்பி போற கோலமா அது?

உன்கூட வந்து இருக்கச் சொன்னே. நான் மாட்டேன்னதும் உன் முகம் சுண்டிப் போச்சு. கேளு. அங்க வந்தா நீ காலையில கதவைச் சாத்திக்கிட்டுப் போவே, நான் ஒரு பூட்டின வீட்டுக்குள்ள சாயந்தரம் வரைக்கும் உன் செருப்புச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பேன். இங்க எனக்கு மிஷின் இருக்கு, வாசல்ல நாலு பேர் போறாங்க வர்றாங்க. கோவத்துல சொல்லலைடா.

ஆனா எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுடாதே. நீ பஸ் ஏறினப்புறம் ரூமுக்கு வந்தேன். முன்னெல்லாம் இந்த ரூம் பத்தாதுன்னு தோணும். அன்னிக்கு உக்கார இடம் தெரியாம நடுவுல நின்னேன்.

அக்கா

•

ஜூலை 11

அக்கா,

என்னை இயந்திரத்திலிருந்து எடுத்துட்டாங்க. டாக்டரம்மா நல்லவங்க, வேலையை விட்டு அனுப்பலை. இப்ப கீழ்த்தளத்துல, அடுத்த ஆய்வுக்கு ரத்தம் எடுக்கற ஜன்னல்ல உக்காந்திருக்கேன். வர்றவங்ககிட்ட படிவத்துல உள்ள கேள்வியைக் கேட்டு நிரப்பி, கையில எண் சீட்டு கொடுக்கணும். மத்தவங்க இதைத் தண்டனைங்கறாங்க. முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆளோட முகத்தைப் பார்த்துப் பேசணுமே.

படிவத்துல பதினோராவது கேள்வி, ‘வீட்டில் யாருடன் வசிக்கிறீர்கள்?’ இத்தனை வருஷம் அந்தப் படிவம் என் மேஜைக்கும் வந்திருக்கு. எனக்கு வேண்டியது எண் மட்டும்தான், அதனால அந்தப் பக்கத்தை நான் திருப்பினதே இல்லை. இப்ப தினமும் முப்பது தடவை அதைக் கேக்கறேன். ‘தனியா’ன்னு சொல்றவங்க எல்லாரும் அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்றாங்க. சிலபேர் திரும்பிப் பார்த்துட்டுச் சொல்றாங்க.

இன்னிக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பிரஷர் நூத்தி எண்பது. பதினோராவது கேள்விக்கு வந்ததும், “நீங்க முதல்ல சொல்லுங்க, தம்பி”ன்னார். தனியாத்தான்னு சொன்னேன். “யாருமே இல்லியா?”ன்னார்.

“ஒரு அக்கா இருக்காங்க. பஸ்ஸுல ஏழு மணி நேரம்.”

“பேசுவீங்களா?”

“எழுதுவோம்.”

அவர் சட்டைக் கையை நிதானமா மடிச்சுவிட்டார். பின்னாடி வரிசை நிக்குது, நான் அவசரப்படுத்தலை. “எனக்கு அப்படிக்கூட இல்லை, தனியான்னே போட்டுக்கங்க”ன்னு சொல்லிட்டுக் கையை நீட்டினார். நான் எழுதினேன். எண் சீட்டைக் கொடுக்கறப்ப அவர் பேரைக் கேட்டேன். படிவத்துல பேருக்கு இடம் இல்லை, சும்மாதான் கேட்டேன். சொன்னார். அடுத்த மாசம் ரிசல்ட் வாங்க வர்றப்ப அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடப் போறேன்.

நான் இன்னிக்கு நீலச் சட்டை போட்டிருக்கேன். பட்டன் எல்லாம் இருக்கு. நீ சாப்பிட்டியா?

சின்னவன்